வலப்பக்கம் ஓடிய ஒன்பது பேர்

அத்தியாயம் 4

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு நிலோஜன் செத்துப்போனான். சாகும்போது அவன் வாயில் பாதி மென்ற மீன் ரோல்ஸ் இருந்தது.

“நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்,” என்றது காதருகே ஒரு பெண்குரல், வங்கியில் இலக்கம் கூப்பிடுகிற மரியாதையுடன். “மீண்டும் முயற்சிக்கவும்.”

ரோல்ஸை விழுங்கிவிட்டுத் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றினான். கண்முன்னால் பொங்கிய வெண்புகையும் சிவந்துபோன வானமும் போன இடம் தெரியவில்லை. பெரியகல்லாறு ஐஸ் தொழிற்சாலையின் பழைய மண்டபம்தான் மிச்சம் இருந்தது. ஜன்னல்களை மட்டை வைத்து அடைத்திருந்தார்கள். வெயில் பட்டால் பெட்டியின் கண்ணாடி பழுதாகிவிடுமாம். மேசைமேல் ஒரு மடிகணினி. பக்கத்தில் ஒரு தாள்கட்டு, தலையில் கருங்கல்லைச் சுமந்துகொண்டு படபடத்தது. வலது மூலையில் தலையாட்டும் பொத்தான் உடைந்த மின்விசிறி ஒன்று, ஒரே திசையைப் பார்த்து விடாப்பிடியாக ஊதிக்கொண்டிருந்தது. நிலோஜன் நேரே அதன்முன் போய் நின்று சட்டைப் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டான்.

“எப்பிடி இருந்திச்சு மறுமை?” கதிரையில் இருந்த சபூரா கேட்டார்.

“கியூ இல்ல அக்கா. நேர உள்ள எடுக்காங்க.”

“நான் நாப்பத்தொரு செக்கன்ல தப்பி வெளிய வந்துட்டன். நீ பத்தொன்பது செக்கன்ல மௌத்து.”

“சாகிறதிலயாவது கெட்டிக்காரன் எண்டு எழுதுங்களன்.”

சபூரா சிரிக்கவில்லை. தலைமுக்காட்டின் ஊசியைச் சரிசெய்தபடி அவனையே பார்த்தார். “ஏன் வலப்பக்கம் ஓடின?”

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நிலோஜன். பொலிஸ்காரர் மறித்தால்கூட மூன்று பதில் சொல்லி, அதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வான். இதற்கு ஒன்றுதான் இருந்தது.

“தெரியா அக்கா. கால் போச்சு. நானும் கூடப் போனன்.”

“நல்ல பதில்,” என்றார் சபூரா. அவர் குரலில் கேலி இல்லாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

காத்தான்குடி சபூரா இருபது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தீயும் விபத்தும் பார்த்தவர். எரிந்த கடையின் சாம்பலை மிதித்தவுடனே முதலாளி பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். இப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக விசாரணை அலுவலகம் வைத்திருந்தார். அலுவலகத்தில் மேசை ஒன்று, கதிரை இரண்டு, நிலோஜன் ஒன்று. ஸ்கூட்டர் ஓட்டுவது, தேத்தண்ணி வாங்குவது, சந்தேகப்படக் கூடாத எல்லோரையும் சந்தேகப்படுவது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் நிருஷா. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். தடித்த மூக்குக்கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று நாள் நித்திரையில்லாத கண்கள். வேலைத்தலங்களில் விபத்து நடந்தால் எப்படித் தப்புவது என்பதை மெய்நிகர் பெட்டி மூலம் பழக்க முடியுமா என்பதே அவள் ஆராய்ச்சி. ஐஸ் தொழிற்சாலையில் குளிரூட்ட அமோனியா வாயு ஓடுகிறது. குழாய் வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

“பெட்டியப் போட்டா இந்தத் தொழிற்சாலை முற்றத்திலயே நிப்பீங்க மெடம்,” என்று அவள் காலையில் விளக்கியிருந்தாள். “குழாய் வெடிக்கும். இடப்பக்கம் வாவி வாசல். வலப்பக்கம் றோட்டு வாசல். காத்து போற பக்கம்தான் வாயுவும் போகும். அதனால காத்து வாற பக்கம் ஓடோணும். கம்பத்தில காத்துப்பை கட்டியிருக்கு, அதப் பாத்தாத் தெரியும். கணினி நிரலில காத்து வாவிப்பக்கமிருந்து வருது. அப்ப சரியான வாசல் இடப்பக்கம்.”

திங்கட்கிழமை பத்துப் பேர் பெட்டி போட்டார்கள். பத்துப் பேரும் இடப்பக்கம் ஓடித் தப்பினார்கள். செவ்வாய்க்கிழமை பதின்மூன்று பேர். நாலு பேர் தப்பினார்கள். ஒன்பது பேர் வலப்பக்கம் ஓடி, வெண்புகைக்குள் நேரே நுழைந்து, மரியாதையான அந்தப் பெண்குரலால் அஞ்சலி செலுத்தப்பட்டார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் இராசதுரை. பத்தொன்பது வருடமாக மெசின் அறைக்குப் பொறுப்பானவர்.

“முகாமையாளர் நேத்து அவரிட்ட இருந்து மெசின் அறைப் பூட்டுட திறப்ப வாங்கிட்டார்,” என்றாள் நிருஷா. “இண்டைக்கு அஞ்சு மணிக்குப் புதுப் பட்டியல் ஒட்டப்போறார். பெட்டிப் பரீட்சையில சித்தியடையாத ஒருத்தரும் மெசின் அறைப் பக்கம் போகேலாதாம். நான் ஆக்களக் காப்பாத்தத்தான் வந்தன் மெடம். நிரலில ஆரோ கைவெச்சிருக்காங்க. கண்டுபிடிச்சுத் தாங்க.”

ஐந்து மணிக்கு இன்னும் இரண்டேகால் மணித்தியாலம் இருந்தது.

*

இராசதுரையை ஐஸ் உடைக்கும் மேடையில் கண்டார்கள். ஐம்பத்தாறு வயதுக்குரிய வயிறு இல்லாத மனிதர். நொறுங்கிய ஐஸை மண்வெட்டியால் அள்ளி மீன்பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டு அள்ளலுக்கு ஒருமுறை அவர் கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லையென்று கண்டு திரும்பி வந்தது. திறப்புச் சாவி தொங்கிய இடத்தில் சாரம் கொஞ்சம் வெளிறியிருந்தது.

“அண்ணன், நீங்க ஏன் வலப்பக்கம் ஓடினீங்க?” சபூரா சுற்றி வளைக்கவில்லை.

“அதத்தான் நானும் என்னக் கேக்கன் தங்கச்சி.” அவர் மண்வெட்டியை ஊன்றினார். “ரெண்டு வரியத்துக்கு முந்தி உண்மையாவே குழாய் வெடிச்ச. பதினொரு பேர வாவிப்பக்கம் இழுத்துட்டுப் போன ஆள் நான். கண் ரெண்டும் எரிஞ்சு போய், மூடிட்டுத்தான் நடந்தன். ஒரு அடி பிசகல்ல. மறுகா, இந்தப் பெட்டிக்குள்ள பகல் வெளிச்சத்தில பிசகிட்டன்.”

“கண்ண மூடிட்டா நடந்தீங்க?”

“ஓம்.”

“பின்னேரத்தில தோணிக்குப் போறல்லயா?” என்று நிலோஜன் கேட்டான். அங்கே வேலை செய்யும் ஆண்களில் பாதிப்பேர் விடியலிலும் மாலையிலும் வாவியில் வலை வீசுகிறவர்கள். அவனுடைய அப்பாவும் இப்படித்தான்.

இராசதுரை வாவியைப் பார்த்தார். பிற்பகல் வெயிலில் அது தகரத்தட்டுப் போலக் கிடந்தது. “ரெண்டு நாளாப் போகல்ல தம்பி. காத்துத் தெரியாதவன் தோணி ஏறக்கூடாது. என்னட்ட இருந்த காத்து போய்ட்டுது.”

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் பார்த்தார். நிலோஜன் தாங்காமல் ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மேடையை விட்டு இறங்கியதும் சொன்னான்: “றிஸ்லான்தான் அக்கா.”

“ஆர்?”

“நிரல் எழுதின ஏறாவூர்ப் பொடியன். போன மாசம் இராசதுரை அண்ணன் எல்லாருக்கும் முன்னால அவன்ட பெட்டியப் பேய்ப்பெட்டி எண்டு ஏசிக் கலைச்சவர். கோபம் இரிக்கும்தானே? நிருஷாட கணினியில பாத்தன். திங்கக்கிழம பின்னேரம் ஆறு பத்துக்கு அவன் நிரலத் திறந்து மாத்தியிரிக்கான். மறுநாள் ஒன்பது பேர் சாவு. எனக்கு இப்பவே கைவிலங்கு தாங்க, பூட்டிட்டு வாறன்.”

“எங்களிட்ட கைவிலங்கு இல்ல நிலோ.”

“ஸ்கூட்டர்ச் சங்கிலி இரிக்கி.”

*

றிஸ்லான் உணவுச்சாலையில் பால் விடாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். மெலிந்த பையன். சபூராவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“வாங்க தாத்தா. இரிங்க.”

முஸ்லிம் ஊர்களில் மூத்த சகோதரனை நானா என்றும் மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் சொல்வார்கள் என்று நிலோஜனுக்குத் தெரியும். தெரிந்தும், நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை ஒருவன் தாத்தா என்று கூப்பிடும்போதெல்லாம் சபூராவின் முகத்தில் வெள்ளைத் தாடி ஒன்று முளைத்து மறைவதை அவனால் தடுக்க முடிவதில்லை. இருமிச் சிரிப்பை மறைத்துக்கொண்டு, கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தடிப்பாக்கினான்.

“திங்கக்கிழம பின்னேரம் ஆறு பத்துக்கு நீ எங்க இரிந்த?”

“இஞ்சதான். நிரல மாத்தினன்.”

நிலோஜன் திகைத்துப்போனான். இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொள்வதென்றால் விசாரணைக்கே மரியாதை இல்லை. “என்னத்த மாத்தின?”

“காத்துப்பைட நிறத்த. சாம்பல் நிறத்தில இருந்திச்சு. வானமும் சாம்பல். செம்மஞ்சள் ஆக்கினன்.”

“அவ்வளவுதானா?”

“பையக் கொஞ்சம் பெருப்பிச்சன்.” றிஸ்லான் கோப்பையைச் சுற்றினான். “மறுநாள் இராசதுரை நானாட முறை. மனிசனுக்குக் கண் கொஞ்சம் மங்கல். பை தெரியாமப் போய்த் தோத்துட்டா, பேய்ப்பெட்டி எண்டு மறுவாட்டியும் ஏசுவார். அவர் ஒருத்தர் வெண்டாலே போதும், மத்தவங்க நம்புவாங்க எண்டுதான் செய்த.” “அவர் தோத்ததக் கேட்டு என்ட உம்மாவும் அழுதா,” என்று சேர்த்துக்கொண்டான்.

இருவரும் வெளியே வந்து மண்டபத்தை நோக்கி நடந்தார்கள்.

“கொல்ல நினைக்கிறவன் வழிகாட்டிப் பலகைக்குப் பெயின்ற் அடிக்க மாட்டான் நிலோ.”

“நல்ல நடிகனா இரிந்தா அடிப்பான்.”

“யோசிச்சுப் பாரு. திங்கள் பை சின்னது, சாம்பல். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கி. செவ்வாய் பை பெருசு, செம்மஞ்சள். ஒன்பது பேருக்குத் தெரியல்ல. அப்ப அவங்க பையப் பாக்கவே இல்ல. வேற என்னத்தப் பாத்தாங்க? நீ என்னத்தப் பாத்த?”

“நான் ஒண்டையும் பாக்கல்ல அக்கா. அபாயச் சங்கு ஊதிச்சு, ஓடினன்.”

“அதான்டா.” சபூரா நின்றுவிட்டார். “நீ ஒண்டையும் பாக்கல்ல. இராசதுரை அண்ணனும் அண்டைக்குக் கண்ண மூடிட்டுத்தான் நடந்தவர்.”

“அவர் பதினொரு பேரக் காப்பாத்தினவர். நான் என்னையே காப்பாத்தல்ல. எங்க ரெண்டு பேரையும் ஒரே வசனத்தில வெச்சா அவர் கோவிப்பார்.”

சபூரா அதற்குள் மண்டபத்துக்குள் போயிருந்தார்.

*

கருங்கல்லைத் தூக்கியதும் தாள்கள் பறக்கப் பார்த்தன. சபூரா இரண்டு கையொப்பத் தாள்களை உருவி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். செவ்வாய்க்கிழமைத் தாளில் பதின்மூன்று கையொப்பங்களும் பாடசாலைக் கொப்பி மாதிரிச் சுத்தமாக இருந்தன. திங்கட்கிழமைத் தாளில் மை ஊறி, கோடு கலங்கி, ஒவ்வொரு பெயரும் மழையில் நனைந்த போஸ்டர் போலிருந்தது.

“திங்கக்கிழம பத்துப் பேரும் அழுதுட்டா ஒப்பம் வெச்சாங்க?” என்றான் நிலோஜன்.

“வேர்வை,” என்றாள் நிருஷா. “அண்டைக்கு விடியத்திலிருந்து கரண்ட் இல்ல. பெட்டியிலயும் கணினியிலயும் சார்ஜ் இருந்ததால நடத்திட்டம். ஜன்னலும் அடைச்சது. பாவம், எல்லாரும் குளிச்ச மாதிரித்தான் வெளிய வந்தாங்க.”

சபூரா கை நீட்டினார். “செவ்வாய்க்கிழம எடுத்த படம் ஏதும் இரிக்கா?”

நிருஷா கைப்பேசியில் ஒரு குழுப்படத்தைக் காட்டினாள். தப்பிய நாலு பேரும் முன்வரிசையில் பெருமையாக நின்றார்கள். பொதிசெய்யும் பிரிவு ஸில்மியாவும் ஸாலிஹாவும் தோளோடு தோள் ஒட்டி, தலைமுக்காட்டை இறுக்கிக் குத்தி நின்றார்கள். அடுத்து ஹில்மி. பல்வலியாம். துவாயால் தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். கடைசியில் கரடியனாற்று உதயரூபன், குளிர் அறையில் வேலை செய்கிறவன்; மட்டக்களப்பு வெயிலில் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தான்.

“இவன் நுவரெலியாவிலயா நிக்கான்?” என்றான் நிலோஜன். “ஹில்மி நானாவப் பாத்தாக் காயப்பட்டு வந்த மாதிரி இரிக்கி. இந்த நாலு பேருக்குள்ள என்னக்கா ஒற்றுமை? ஊர் வேற, வயது வேற, ஆணும் பெண்ணும் கலந்து.”

“நாலு பேர்ட காதையும் எனக்குக் காட்டு.”

“காதா?”

“காதும் பிடரியும்.”

நிலோஜன் படத்தைப் பெரிதாக்கினான். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். “ஒருத்தர்ட காதும் தெரியல்லயே அக்கா.”

சபூரா அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே தன் முக்காட்டின் ஓரத்தைக் காதுக்குமேல் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நிலோஜனின் அகன்ற காதுகளை, சந்தையில் மீனைப் பார்ப்பது போலச் சாய்ந்து பார்த்தார்.

“முகாமையாளரக் கூப்பிடு. இராசதுரை அண்ணனையும். றிஸ்லானையும்.”

“றிஸ்லானா? அப்ப அவன்தானே?”

“கூப்பிடு நிலோ. சங்கிலிய ஸ்கூட்டர்ல வெச்சிட்டு வா.”

*

முகாமையாளர் யோகராசா வந்தபோது மணி நாலரை. கழுத்துப்பட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை, சட்டைப் பையில் மெசின் அறைத் திறப்பின் வளையம். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மணிக்கூடு பார்ப்பதைப் பிறர் பார்க்கிறார்களா என்றும் பார்த்தார்.

“அஞ்சு மணிக்குப் பட்டியல் ஒட்டோணும். சின்னப்பிள்ளைப் பரீட்சை இது. குழாய் வெடிச்சா ஓடுறது. இதில தோக்கிறவனிட்ட அமோனியாவக் குடுத்துட்டு நான் எப்படி நித்திர கொள்ற?”

“நியாயம்தான் சேர்,” என்றார் சபூரா. “நீங்க பெட்டியப் போட்டுப் பாத்திருப்பீங்கதானே?”

“எனக்கு எங்க நேரம்? அறிக்கை பாத்தன். பேருக்கு நேர சித்தி, சித்தியில்ல எண்டு இரிக்கி. போதும்தானே?”

“அப்ப ஒரே ஒருக்காப் போடுங்க. உங்கட சித்தியோட பட்டியல ஒட்டினா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க.”

அந்த யோசனை யோகராசாவுக்குப் பிடித்துவிட்டது. கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, தரையில் ஒட்டியிருந்த பாத அடையாளத்தில் ஏறி நின்றார். றிஸ்லான் பெட்டியை மாட்டினான். கண் மறைந்தது, எண்ணெய்த் தலையும் பெரிய காதுகளும் வெளியே இருந்தன. கணினித் திரையில் அவர் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. முற்றம், குழாய்கள், கம்பம், அதன் உச்சியில் கல்யாண வீட்டுக் கொடி அளவுக்குச் செம்மஞ்சள் பை.

சங்கு ஊதியது. வெண்புகை சீறியது. யோகராசா ஒரு கணம் தலையைச் சற்றே சரித்தார், யாரோ தூரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்பது போல. பிறகு நாலு எட்டில் வலப்பக்கம் போனார்.

“நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்,” என்றது பெண்குரல். “மீண்டும் முயற்சிக்கவும்.”

இராசதுரை, ஒரு பிணத்தைப் பார்த்த மரியாதையுடன், தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பதினொருவராவது ஆள்,” என்று முணுமுணுத்தான் நிலோஜன். “நான் பத்தாவது. நல்ல கூட்டம் சேருது.”

யோகராசா பெட்டியைக் கழற்றினார். முகம் வேர்த்திருந்தது. “இதில ஏதோ பிழை. காத்து அங்கால இருந்துதானே வந்த...”

சொல்லி முடிக்கவில்லை. அவருடைய வலது கை தானாக எழுந்து வலது காதுக்குப் பின்னால் போயிருந்தது. அந்தக் கை காட்டிய திசையில் எல்லோரும் திரும்பினார்கள். உடைந்த பொத்தானுடன் மின்விசிறி, யார் பார்த்தாலும் கவலையில்லையென்று ஊதிக்கொண்டிருந்தது.

“நீங்க எந்த ஊர் சேர்?” சபூரா மெல்லக் கேட்டார்.

“இதே ஊர்தான்.” யோகராசாவின் குரல் அலுவலகத்தை விட்டு இறங்கிவிட்டது. “எங்கட அப்பா வாவியில தோணி வெச்சிருந்தவர். காத்த கண்ணால பாக்காத, காதுக்குப் பின்னால பாரு எண்டு சொல்லித் தந்தவர். முப்பது வரியமாச்சு. மறந்துட்டன் எண்டுதான் நினைச்ச.”

“கால் மறக்கல்ல,” என்றார் சபூரா. “நிலோ, ஃபேனத் தூக்கு. இராசதுரை அண்ணன், ஒரு தரம் வாங்க.”

இராசதுரை தயங்கித் தயங்கிப் பாத அடையாளத்தில் ஏறினார். சங்கு ஊதியது. நிலோஜன் நீண்ட வயரை இழுத்துக்கொண்டு மின்விசிறியுடன் வலப்பக்கம் நின்றான். இராசதுரை வலப்பக்கம் திரும்பினார். நிலோஜன் பூனைபோல் பின்னால் போனான். அவர் பின்னால் திரும்பினார். இடப்பக்கம் போனான், அவரும் இடப்பக்கம். கோயில் வீதியில் சுவாமியைச் சுமக்கிற பக்தியோடு அவன் அவரை ஒருமுறை முழுதாகச் சுற்றிவந்தான். அவர் முகம் விலகாமல் அவனையே பார்த்துக்கொண்டு வந்தது, கண் மூடிய பெட்டிக்குள்ளிருந்து.

“என்னகா இது,” என்றார் இராசதுரை உள்ளே இருந்தபடி. “ஒரு காத்தும் நிலையா நிக்குதில்லயே. சூறாவளியா?”

றிஸ்லான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தான். சபூரா சுவிட்சை நிறுத்தினார். விசிறி ஓய்ந்தது. இராசதுரை அசையாமல் நின்றார். காற்று வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு, வேறு வழியில்லாமல், முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“அந்தா பை,” என்றார். இடப்பக்கம் நடந்தார்.

“நீங்கள் உயிர் தப்பிவிட்டீர்கள். வாழ்த்துக்கள்.”

“திங்கக்கிழம கரண்ட் இல்ல, காத்தில்ல. எல்லாரும் பையப் பாத்தாங்க,” என்றார் சபூரா. “செவ்வாய்க்கிழம காத்திருந்திச்சு. காது மூடியிருந்த நாலு பேரும் பையப் பாத்தாங்க. காது திறந்திருந்த ஒன்பது பேரும் காத்த நம்பினாங்க. நானும் முக்காட்டோட தப்பின ஆள்தான். அவங்க பிசகல்ல சேர். இந்த மண்டபத்தில காத்து உண்மையாவே வலப்பக்கமிருந்துதான் வந்திச்சு. பொய் சொன்னது பெட்டி.”

யோகராசா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகு கொஞ்சம் முகாமையாளர் திரும்பி வந்திருந்தார். “எல்லாம் சரி. இந்த ஃபேன இஞ்ச கொண்டந்து வெச்சது ஆர்?”

நிலோஜன் கடைசி நம்பிக்கையோடு றிஸ்லானைப் பார்த்தான். றிஸ்லான் தலையை ஆட்டினான்.

“நான்தான் சேர்,” என்றாள் நிருஷா.

அவள் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. “திங்கக்கிழம எல்லாரும் வேர்த்து ஊத்தினத என்னால பாக்கேலாமப் போச்சு. என்ட வாடகை அறையில இருந்த ஃபேன செவ்வாய் காலமை பஸ்ஸில மடியில வெச்சுக் கொண்டுவந்தன். ஆக்களுக்குக் கொஞ்சம் சுகமா இருக்கட்டும் எண்டுதான்...”

“இருவது வருசத்தில,” என்றார் சபூரா, “குற்றவாளியே வந்து என்னக் கூலிக்குப் பிடிச்சது இதான் முதல்தரம்.”

“சங்கிலிய எடுக்கவா அக்கா?” என்றான் நிலோஜன்.

“எடு. ஃபேனுக்குப் போடு.”

நிருஷா அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினாள். ஆராய்ச்சி முடிந்தது, அவமானம்தான் மிச்சம் என்று அந்தச் சுருட்டலில் தெரிந்தது. அப்போது இராசதுரை குனிந்து அவள் கையிலிருந்து வயரை வாங்கினார்.

“எடுத்துட்டுப் போகாதீங்க புள்ள. இடப்பக்கம் கொண்டு வையுங்க. பெட்டிக்குள்ள வாவிப்பக்கக் கச்சான் காத்து அடிச்சா வெளியிலயும் கச்சான் அடிக்கட்டும். காத்தும் பையும் ஒண்டைச் சொன்னா எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாக மாட்டாங்க.”

நிருஷா அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு பேனாவைத் தேடினாள். பேனா கிடைக்காமல் றிஸ்லானின் சட்டைப் பையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, திங்கட்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதினாள்.

விசிறி இடப்பக்கம் போனது. மற்ற எட்டுப் பேரையும் வரவழைத்தார்கள். எட்டுப் பேரும் வாவி வாசலால் தப்பினார்கள். அதில் இருவர் பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பட்டியல் ஒட்டப்படாமலே ஐந்து மணி கடந்து போனது. யோகராசா பட்டியலை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டார். சட்டைப் பையிலிருந்த திறப்பை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி இராசதுரையின் கையில் வைத்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“நானும் மறுவாட்டி ஒருக்காப் போட்டுப் பாக்கவா?” என்று யோகராசா றிஸ்லானிடம் தாழ்ந்த குரலில் கேட்டதும் எல்லோருக்கும் கேட்டது.

*

முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. இடப்பக்கம் வாவி. வலப்பக்கம் றோட்டு, அதற்கப்பால் கடல். பெட்டிக்குள் செத்த அதே இடத்தில் நிற்பது நிலோஜனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தன்னுடைய நினைவுக் கல்லைத் தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான்.

மெசின் அறைப் படியில் இராசதுரை ஏறப்போனவர் நின்றார். தலையைச் சற்றே சரித்தார். கை இடுப்புக்குப் போய், திறப்பைத் தொட்டு, அங்கேயே தங்கிவிட்டது.

“கச்சான் விழுந்து ஓயுது,” என்றார். “கடற்காத்து எழும்பப் போகுது. ஆறு மணிக்குத் தோணி இறக்கலாம்.”

நிலோஜன் கூரைக் கம்பத்தில் கட்டியிருந்த உண்மையான காற்றுப்பையை அண்ணாந்து பார்த்தான். வெயிலில் வெளுத்த அந்தப் பை அசையாமல் கடற்பக்கமே நீண்டிருந்தது, வாவியிலிருந்து காற்று வருகிறது என்று சத்தியம் செய்தபடி.

“பை அப்படிச் சொல்லல்லயே அண்ணன்?”

“அதுக்கு இன்னும் செய்தி போகல்ல தம்பி.”

“எனக்கு ஒண்டும் தெரியல்ல,” என்றார் சபூரா முக்காட்டைக் காட்டி. “நீ பாத்துச் சொல்லு நிலோ.”

நிலோஜன் கண்ணை மூடினான். முதலில் ஐஸ் உடைக்கும் சத்தம். பிறகு மண்டபத்துக்குள் யோகராசா எதற்கோ கைதட்டுகிற சத்தம். பிறகு எல்லாச் சத்தத்துக்கும் கீழே, வலது காதுக்குப் பின்னால், ஈரத்துணியால் யாரோ மெல்லத் தொட்டது போல ஒரு குளிர்.

“வலப்பக்கம்,” என்றான்.

கண்ணைத் திறந்தபோது காற்றுப்பை தொய்ந்து, கம்பத்தோடு ஒருமுறை தட்டுத் தடுமாறி, பிறகு தயக்கத்துடன் வாவிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“அப்ப இந்த நிமிசம் குழாய் வெடிச்சா?” சபூரா கேட்டார்.

“றோட்டு வாசலால ஓடோணும். நானும் அந்த ஒன்பது பேரும் ஓடின அதே பக்கம்.” அவன் ஸ்கூட்டரை உதைத்து இயக்கினான். பிறகு, மிகவும் மரியாதையான பெண்குரலில், இராசதுரைக்குக் கேட்கும்படி சொன்னான்: “நீங்கள் உயிர் தப்பிவிட்டீர்கள்.”

இராசதுரை பூட்டைத் திறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சிரித்தார்.